தொரசாணி கிராப்பும் கித்துல் கள்ளும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து. நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளைகள் மூன்று. ஆக, வளர்த்தது எட்டு. எட்டுப் பேருக்கும் எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டது இந்தக் கைதான். ஒரு தலைகூட என்னிடம் கெட்டுப்போனதில்லை. நான் கெடுத்தது ஒரே ஒரு தலை. அது என் தலை.

இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். என் மூத்த மகன் சொல்கிறபடி பார்த்தால் நான் மொட்டையே அடித்துக்கொண்டேனாம். (அடிச்சிருந்தா எவ்வளவோ தேவலை.) அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்குப் பதினெட்டு வயது. கொழுந்து எடுக்கிறதில் என் கைவேகத்துக்கு அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. (இந்த விஷயத்தை மட்டும் யாரும் கதையில சேர்க்க மாட்டாங்க.) ஆனால் எனக்கு மலை வேலை பிடிக்கவில்லை. மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, ஏழாம் நம்பர் மலையில் ஏறி இறங்கி வந்தால், முதுகு என்னுடையதா கூடையினுடையதா என்று தெரியாது.

பொம்பளைகளுக்குக் கூரைக்குக் கீழே இருந்த வேலை கொஞ்சம்தான். அதில் ஒன்று பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். அங்கே இருந்த ஆயம்மாவுக்கு முடியாமல் போய் வேலையை விட்டுவிட்டாள். புது ஆளை, தொரையுடைய பெண்சாதி, நம்ம வெள்ளைக்காரத் தொரசாணியே திங்கட்கிழமை வந்து பார்த்து எடுப்பாள் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி சொன்னார்.

பேர் கொடுத்தது இரண்டு பேர். ஒன்று செல்லாயி அக்கா. நாலு பெற்றவள், விடியும்வரை தாலாட்டுப் பாடச் சொன்னாலும் பாடுவாள். மற்றது நான். எனக்குப் பிள்ளையும் இல்லை, பாட்டும் வராது. நான் வாயைத் திறந்தால் தூங்குகிற பிள்ளையும் எழும்பும்.

அப்போது எனக்குப் புத்தி சொன்னவள் பாக்கியம். என் சிநேகிதி. தொரை பங்களாவில் சட்டி பானை கழுவுகிறவள்.

"தொரசாணிக்குப் பேனுன்னா உசுரே போயிரும்டி. பழைய ஆயம்மா கொண்டையைப் பார்த்துட்டு வந்து, சோப்புப் போட்டு மூணு தடவை கை கழுவினாங்க. நீளமான முடின்னா பேனு, கட்டையான முடின்னா சுத்தம். அவங்க நினைப்பு அதான்."

தொரசாணியின் முடி கழுத்தோடு நிற்கும். நடந்தால் மெதுவாக ஆடும், நின்றால் வந்து கன்னத்தில் சாயும். சீப்பே படாத மாதிரி, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்கிற மாதிரி இருக்கும். அதே மாதிரி ஒரு தலையோடு போய் நின்றால் அவள் யாரை எடுப்பாள்? என்னைத்தானே? அன்றைக்கு என் மூளை அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

தோட்டத்தில் முடி வெட்டுகிறவரிடம் போனேன். "கல்யாணம் ஆகாத புள்ள தலையில நான் கத்திரி வச்சா, உங்கப்பன் என் கையை வெட்டிருவான். போ, போ" என்று விரட்டிவிட்டார். அப்புறம்தான் வெள்ளையன் மாமா ஞாபகம் வந்தது. அம்மாவுக்குத் தம்பி. கவ்வாத்து வெட்டுவதில் பெரிய ஆள். கவ்வாத்து என்றால், வளர்ந்துபோன தேயிலைச் செடியை மேலே மட்டமாக வெட்டிவிடுகிற வேலை.

"அஞ்சு ஏக்கர் தேயிலை எனக்கு அடங்கிக் கெடக்குது. உன் தலையா அடங்காது? உக்காரு புள்ள" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கல்லில் என்னை உட்காரவைத்து, தையல்காரரிடம் வாங்கி வந்த கத்திரியை எடுத்தார். அளவுக்கு ஒரு மூங்கில் குச்சி. குச்சியைத் தலையோடு பிடிப்பார், ஒரு கண்ணை மூடுவார், தூரத்து மலையைப் பார்ப்பார், வெட்டுவார். நான் கொஞ்சம் அசைந்தால், "ஆடாதே! தேயிலை ஆடுதா?" என்பார். இடுப்புவரை கிடந்த முடி பாம்பு மாதிரி காலடியில் விழுந்தது.

வெட்டி முடித்து நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தார். "ஆகா! தொரையே வந்து பார்த்தாலும் ஒரு குத்தம் சொல்ல முடியாது."

பாக்கியம் முன்னால் வந்து பார்த்தாள். பார்த்தவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"மாமா, இந்தப் பக்கம் காதுக்கு இருக்கு. அந்தப் பக்கம் தோளுக்குக் கெடக்கே?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மலை எப்படிச் சரியுதோ அப்படித்தான் வெட்டணும். முப்பது வருஷமா வெட்டுறேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவர் சொன்னது நியாயம்தான். சரிவில் நிற்கிற தேயிலையைச் சரிவுக்குத் தக்கபடிதான் வெட்டுவார்கள். லயத்துப் பின்பக்கமும் சரிவு. கை பழக்கத்தில் என் தலையையும் சரிவுக்கு வெட்டிவிட்டார். அதே இடத்தில், அதே கல்லில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்தால் என் முடி ரொம்ப அழகாகத்தான் இருந்தது. ஆனால் தொரசாணியை லயத்துப் பின்பக்கம் கூட்டிவந்து காட்ட முடியுமா?

பிறகு இஸ்தோப்பில், அதுதான் வாசல் திண்ணையில், சமதரையில் உட்காரவைத்துச் சரிசெய்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கடைசியில் இரண்டு காதும் வெளியே வந்துவிட்டது. இவ்வளவு நாளும் சொந்தப் பாரத்தில் கீழே தொங்கின முடி, பாரம் குறைந்ததும் எழுந்து நின்றுகொண்டது. முன்னால் இருந்து பார்த்தால் குடை. பின்னால் இருந்து பார்த்தாலும் குடைதான், ஆனால் காற்றில் மடங்கின குடை.

கோயிலுக்குப் போன அம்மா வந்தாள். வாசலில் என்னைப் பார்த்து, "யாருங்க, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

குரலைக் கேட்டதும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று தரம் என்னைச் சுற்றி வந்தாள். அடுப்பங்கரையிலிருந்து அகப்பையை எடுத்து வந்தாள். என்னை அடிக்க எடுத்தாளா, தம்பியை அடிக்க எடுத்தாளா தெரியாது. மாமா அதற்குள் கீழ் லயத்துக்குப் போய்விட்டார்.

"அந்த வேலை கெடைக்கணும்டி. கெடைக்கலேன்னா இந்தத் தலையோட உன்னை எவன் கட்டுவான்? மலையிலதான் சாகணும்" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கும் பயம் பிடித்தது. வேலை கிடைத்தால் இது நாகரிகம். கிடைக்காவிட்டால் வெறும் பைத்தியக்காரத்தனம்.

இதுக்கும் பாக்கியத்திடம்தான் வழி இருந்தது. (அவளிடம் எப்போதும் ஒரு வழி இருக்கும். அதுதான் அவளிடம் இருந்த ஒரே குறை.)

"தொரசாணி முழுகிட்டு, கடைசியா தலைக்குப் பியர் ஊத்துவாங்க. அப்புறம் சின்னச் சின்ன உருளையில முடியைச் சுத்தி வைப்பாங்க. காஞ்சதும் கழட்டினா இலவம்பஞ்சு மாதிரி விழும்."

பியருக்கு நாங்கள் எங்கே போவது? கீழ் லயத்திலிருந்து திரும்பிவந்த மாமா, "பியருன்னா என்னா, வெள்ளைக்காரன் கள்ளுதானே? நம்ம கள்ளை ஊத்து" என்று சொல்லி, கீழே சிங்களக் கிராமத்துக்குப் போய் ஒரு போத்தல் கித்துல் மரத்துக் கள்ளு வாங்கி வந்தார். அரைப் போத்தல்தான் வந்து சேர்ந்தது. மீதி வழியில் சிந்திவிட்டதாம். (எங்கே சிந்திச்சுன்னு அவர் நடையைப் பார்த்தாலே தெரிஞ்சுது.)

உருளைக்குப் பதிலாக, இரத்தோட்டையில் இருக்கிற தன் சின்னம்மா அனுப்பிய, கறிக்குப் போடுகிற கறுவாப்பட்டையைத் துண்டு துண்டாக உடைத்துக் கொண்டுவந்தாள் பாக்கியம். தலையில் கள்ளை ஊற்றி, பட்டையில் முடியைச் சுற்றி, நூலால் கட்டி வெயிலில் உட்காரவைத்தாள். நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் லயத்து எறும்பெல்லாம் வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று.

பின்னேரம் பட்டையைக் கழட்டினால் பாதிதான் வந்தது. மீதி பாதி ஒட்டிக்கொண்டு நொறுங்கியது. கித்துல் கள்ளில் இருக்கிற இனிப்பு காய்ந்தால் பசைதானே. சீப்பை வைத்தால் சீப்பின் பல் போயிற்று. தொட்டால் காய்ந்த சருகு மாதிரி சத்தம் கேட்டது.

"மெதுவா இருக்காடி?" என்று கேட்டேன்.

பாக்கியம் ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். "இயற்கையா இருக்கு" என்றாள்.

கழுவிவிடலாம் என்றேன். நனைத்தால் மறுபடியும் குடை மாதிரி எழும்பும், இப்படியே ஒட்டிக்கொண்டாவது கிடக்கட்டும் என்றாள். அதுவும் சரி என்று பட்டது.

திங்கட்கிழமை காலை பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். வழியில் சேர்ந்துகொண்ட இரண்டு தேனீக்கள் வாசல்வரைக்கும் துணைக்கு வந்தன. உள்ளே செல்லாயி அக்கா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு நின்றாள். தொரசாணியும், தோட்டத்து மருந்து கொடுக்கிற ஐயாவும் நின்றார்கள். சேலையில் கட்டின ஏணைகளிலும் பாயிலுமாகப் பதினாலு பிள்ளைகள்.

முதல் பிள்ளை என் தலையைப் பார்த்துவிட்டு வீரிட்டது. அதைப் பார்த்து இரண்டாவது. அப்புறம் எண்ண முடியவில்லை. செல்லாயி அக்கா உடனே தாலாட்டை எடுத்தாள். ஒவ்வொன்றாக அடங்கிற்று. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஏழாம் நம்பர் மலை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் அடங்கவில்லை. காமாட்சி அக்கா மகன் ராசு. பத்து மாசம். அழுது அழுது முகம் நீலமாகப் போய்விட்டது. செல்லாயி அக்கா தூக்கினாள், ஆட்டினாள், பாடினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"நீ தூக்கு!" என்றாள் தொரசாணி என்னைப் பார்த்து.

தூக்கித் தோளில் போட்டேன். ராசு என் முடியைக் கொத்தாகப் பிடித்தான். வாயில் வைத்தான். சட்டென்று அழுகை நின்றது. காம்பராவில் ஒரு சத்தம் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் மட்டும் சப்பு சப்பென்று கேட்டது. கண் சொக்கி, அப்படியே சாய்ந்துவிட்டான்.

தொரசாணிக்கு வாயெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நல்லம்! தலை கட்டை, சுத்தம். பிள்ளைக்கும் பிடிக்குது. இவ சரி!"

செல்லாயி அக்கா முகம் சுண்டிப்போயிற்று. எனக்கோ அந்தத் தகரக் கூரை அரண்மனைக் கூரையாகத் தெரிந்தது. இனி மழை பெய்தால் எனக்கு என்ன, பெய்யாவிட்டால் என்ன?

மருந்து ஐயா பிள்ளையைப் பார்க்கப் பக்கத்தில் வந்தார். மூக்கைச் சுளித்தார். ராசுவின் வாயை மோந்தார். என் தலையை மோந்தார். திரும்பவும் ராசுவை மோந்தார்.

"தொரசாணி, இந்தப் பிள்ளை வாயில கள்ளு வாசம் வருது."

தொரசாணியின் சிரிப்பு நின்றது. "நீ குடிச்சதா?"

"சத்தியமா இல்லீங்க தொரசாணியம்மா! ஒரு சொட்டு வாயில வைக்கலீங்க. தலைக்கு மட்டும்தான் ஊத்தினேன்!"

அதோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பிழைத்திருப்பேன். தொரசாணிக்குப் புரியவில்லை என்று நினைத்து, நானே விளக்கிச் சொன்னேன்: "நீங்க குளிச்சிட்டுத் தலைக்குப் பியர் ஊத்துறீங்கல்ல, அந்த மாதிரிதாங்க."

தொரசாணி கழுத்திலிருந்து நெற்றிவரை மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்தாள். தன் குளியலறை ரகசியம் பிள்ளைக் காம்பராவுக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் பாக்கியத்திடம் கேட்டுக்கொண்டாள். (பாக்கியம் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.)

ராசுவை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்தார்கள். அவன் விடவில்லை. மருந்து ஐயா அவன் விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். உள்ளங்கையில் ஒரு துண்டு கறுவாப்பட்டை இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏன் புள்ள, தலையை ஊற மட்டும்தான் போட்டியா, தாளிச்சும் வச்சிருக்கியா?"

அழுத பிள்ளைகள்கூடச் சிரித்த மாதிரி இருந்தது. நான் வந்த வழியே திரும்பினேன்.

செய்தி எனக்கு முன்னால் மலைக்குப் போய்விட்டது. காமாட்சி அக்கா கூடையைக்கூடக் கழட்டாமல் ஓடிவந்தாள். "பால்குடி மறக்காத புள்ளைக்குக் கள்ளுக் குடுத்தவளே! நீ வெளங்குவியா?" என்று லயமே கேட்கக் கத்தினாள். ராசு பின்னேரம்வரை சுகமாகத் தூங்கினான். அவள்தான் அரைமணிக்கொரு தரம் உலுக்கி எழுப்பி, நேராக உட்காருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை செல்லாயி அக்காவுக்குப் போயிற்று. நான் மறுநாள் ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். அங்கேதான் இன்னொன்று தெரிந்தது. கூடைக் கயிறு தலையில் நிற்கிறதே, அது நழுவாமல் பிடித்துக்கொள்வது பின்னால் இருக்கிற கொண்டைதான். எனக்குக் கொண்டை ஏது? குனிந்தேன், கயிறு வழுக்கிற்று, கூடை கழன்று உருண்டது. அரைநாள் கொழுந்து மலை முழுக்கச் சிதறிப்போயிற்று.

"கூடை ஆறாம் நம்பருக்குப் போயிருச்சு. நீ எப்ப போறே?" என்று கேட்டார் கங்காணி.

வெள்ளையன் மாமா மட்டும்தான் ஆறுதல் சொன்னார். "கவ்வாத்து வெட்டின செடி மூணு மாசத்துல துளிர்க்கும். பொறு புள்ள." மூன்று மாசம் இல்லை, கொண்டை போட மூன்று வருஷம் ஆயிற்று. அந்தக் கூரைக்குக் கீழே நான் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. கடைசிவரை மலைதான். அந்த முதுகுவலி இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி நான் யாரிடமும் அழுததில்லை.

ராசு வளர்ந்தான். மாத்தளையில் கடை வேலைக்குப் போனான். இருபத்தைந்து வயதில் என் மூத்த மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். எத்தனையோ பேர் இருக்கத் தேடி வந்து என் வீட்டில் நின்றான். பரிசம் போட வந்த அன்றைக்கு, பாய் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது காமாட்சி அக்கா எழுந்து சொன்னாள்:

"எங்களுக்குச் சீர் ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு பேச்சுத்தான். சம்பந்தியம்மா நல்லாத் தலை முழுகிட்டுத்தான் எங்க வீட்டுப் படி ஏறணும்."

வெற்றிலைத் தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். நான்தான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன்.

என் மருமகன் இன்றைக்குவரை குடித்ததில்லை. கல்யாண வீடோ, கருமாதி வீடோ, யாராவது கிளாசை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாங்க, என் பங்கைப் பத்து மாசத்துலயே எங்க அத்தை தலையில குடிச்சு முடிச்சிட்டேன்" என்பார். தெரியாதவர்கள் முழிப்பார்கள். அப்புறம் முதலிலிருந்து கதை தொடங்கும். அன்றைக்கு நான் சாப்பிட்ட மாதிரிதான்.

அவ்வளவுதான், எழுதினது போதும் கண்ணு. உங்கப்பா கடையிலிருந்து வர்றதுக்குள்ள ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. நான் சொல்லாத எதையாவது சேர்த்திருந்தா அடிச்சிரு. கொஞ்சம் மெதுவா வாசி, உள்ளறையில உன் அப்பாயி காமாட்சி படுத்திருக்கா. தொண்ணூறு வயசாகப் போகுது, காது மட்டும் இன்னும் நல்லாக் கேக்குது. கள்ளு வர்ற எடத்துல எழுந்து வந்திருவா.