ரிஜெக்ட் அங்கிளின் இரண்டாவது இன்ஸ்பெக்‌ஷன்

கடவுள் உலகத்தைப் படைத்தபோது எங்கள் ரிஜெக்ட் அங்கிள் டியூட்டியில் இருந்திருந்தால், ஏழாம் நாள் கடவுளுக்கு ஓய்வே கிடைத்திருக்காது. மலைகளில் பாதியைக் கோணல் என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஊரான ஆண்டர்சன்பேட்டையில் அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். பெரிய எஞ்சினியரிங் ஃபாக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் செய்த பாகங்களை அளந்து, சரியில்லாததில் சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவதுதான் வேலை. ஃபாக்டரி அவரை விட்டது. சாக்பீஸை அவர் விடவில்லை.

கோயிலுக்குப் புது பெஞ்சு வந்தபோது ஒரு கால் குட்டை என்று அதில் குறி போட்டார். தெரியாமல் அதில் உட்கார்ந்து எழுந்த ஃபாதர், அங்கியின் பின்னால் ரிஜெக்ட் ஆகி, அப்படியே பூசை வைத்தார். மகளுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் ரிஜெக்ட் செய்தார். நாலாவது ஆளை அந்தப் பெண் இவரிடம் காட்டாமலே கட்டிக்கொண்டது. புத்திசாலி.

இந்த மனிதரின் பக்கத்து வீட்டில்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். எனக்கு பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்லவே வாய் வராது. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருகிற ஜென்மம். பதினாறு வருஷம் பிள்ளை இல்லாமல், நாற்பத்திரண்டு வயதில் பெங்களூரில் சிகிச்சைக்குப் போனதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இதுதான் கடைசி முறை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்தது நாலு முட்டை. மூன்று கருவானது. அதில் இரண்டு, மூன்றாம் நாளே வளராமல் நின்றுவிட்டன. ஐந்தாம் நாள், மிச்சமிருந்த ஒன்றைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாக ரயில் ஏறினேன்.

வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தார் ரிஜெக்ட் அங்கிள். மூன்றாம் நாள் கொடுத்த ரிப்போர்ட் என் மடியில் இருந்தது, அதைக் கேட்காமலே எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். கருவின் போட்டோவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாமா இது, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதா கீது? யாரு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணது?”

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“ஒண்ணுமில்ல அங்கிள்...”

“இரு, நானும் வரேன். உனுக்குப் பேச வராது.”

வேண்டாம் என்று சொல்லவும் எனக்குப் பேச வரவில்லை. கூடவே வந்துவிட்டார்.

டாக்டர் அம்மா மெதுவாகத்தான் சொன்னார். “செல் ஒழுங்கா பிரியல. வளர்ச்சி ரொம்பப் பின்தங்கிடுச்சும்மா. இத கர்ப்பப்பையில வெக்கறதுல பிரயோஜனம் இருக்காது.” பிறகு அங்கிளைப் பார்த்து, “நீங்க இவங்க அப்பாவா?” என்று கேட்டார்.

“இன்ஸ்பெக்‌ஷன்” என்றார் அங்கிள். “ரிப்பேர் பண்ணுங்க.”

“என்ன சார்?”

“பேப்பர்ல போட்டுகிறான். கோளாறு முட்டைய லேப்புல சரி பண்றாங்களாமே?”

“அது ஆராய்ச்சி சார். இன்னும் சிகிச்சைக்கு வரல.”

“எப்ப வரும்?”

“சொல்ல முடியாது.”

“அதுவரிக்கும் இந்தம்மாவ எங்க வெக்கறது? ஏற்கெனவே நாப்பத்திரெண்டு.”

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பூமி பிளக்கவில்லை. மனிதர் நிறுத்தவும் இல்லை.

“சரி, ரெண்டாவது இன்ஸ்பெக்‌ஷன் யாரு?”

“புரியல சார்.”

“எங்க ஃபாக்டரில ரிஜெக்ட் ஆன பீஸ ஒரே ஆள் பாத்து ஸ்கிராப்புக்கு அனுப்ப மாட்டோம். ஒரு நாள் ரேக்குல வெப்போம். மறுநாள் வேற ஆள் பாத்து கையெழுத்து போடணும். இரும்புக்கே அந்த மரியாதி குடுத்தோம்மா.”

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். “சில கரு லேட்டா வளரும். சிலது தன்னத்தானே சரி பண்ணிக்கிறதும் உண்டு. இன்னும் ஒரு நாள் லேப்லயே வெக்கறேன். வேற ஒருத்தர பாக்கச் சொல்றேன். ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன்.”

“நம்பிக்கை யாரு கேட்டா? கையெழுத்துதான் கேட்டேன்.”

திரும்பி வரும்போது, ஆஸ்பத்திரி நாற்காலியில் ஸ்க்ரூ லூஸ் என்று பங்காரப்பேட்டை வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். ரயிலிலிருந்து தள்ளிவிடலாமா என்று நினைத்தேன்.

மறுநாள் கரு வளர்ந்திருந்தது. சுமார்தான், ஆனால் வைக்கலாம் என்றார்கள். வைத்தார்கள். பதினைந்தாம் நாள் டெஸ்ட்டில் கரு தங்கியிருந்தது.

அதோடு என் நிம்மதி போனது. தினமும் காலையில் காம்பவுண்டுக்கு மேல் தலை நீட்டி, “இன்னாமா, ஸ்டேட்டஸ்?” என்று கத்துவார். பெற்ற தாய்க்குச் சொல்லாத ரகசியம் பால்காரர், கீரைக்காரி, கோயில் பாடகர் குழு எல்லோருக்கும் தெரிந்துபோனது. நான் மாடிப்படி ஏறினால் அவர் வீட்டு ஜன்னலிலிருந்து, “ஸ்லோ! ஸ்லோ!” என்று குரல் வரும். வெட்கங்கெட்ட மனிதர்.

ஒன்பதாவது வாரம் கருவின் துடிப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை காம்பவுண்டுக்கு மேல் தலை வரவில்லை. பத்து மணிக்குக் கதவைத் தட்டி உள்ளே வந்தார். உட்கார்ந்தார். அரைமணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு டம்ளரில் காபி போட்டேன். அவர் முழுவதையும் குடித்து, “நல்லாகீதுமா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். இரண்டிலும் சர்க்கரையே போடவில்லை.