ஞாயிற்றுக்கிழமைக் கேமரா

"இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்!" என்று கண்ணாடிக்காரர் ஒரு நாள் சாயங்காலம் கூடத்தின் நடுவில் நின்று பிரகடனம் செய்தார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பவர் பார்த்துச் சொன்ன மனிதர். வீட்டில்தான் அவருக்குப் பவர் கிடையாது.

பிரகடனத்தைக் கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மகள், ஒன்பதாம் வகுப்பு, வாய் மட்டும் காலேஜ். இன்னொருத்தி மனைவி. துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் ஃபோனில் புகார் கேட்பது அவள் உத்தியோகம். "மெஷின் நடக்குது, மெஷின் பறக்குது" என்று யார் கத்தினாலும் குரலை ஒரு இழை கூட உயர்த்த மாட்டாள். கடைசியில் கத்தினவரே "மன்னிச்சிடுங்க மேடம், தப்பு என் பேர்லதான்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைப்பார்.

"என்ன பொழுதுபோக்கு?" என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே.

"ஃபோட்டோ எடுக்கிறது. நல்ல கேமரா ஒண்ணு வாங்குறோம். ஞாயித்துக்கிழமை காலைல மூணு பேருமா ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைங்களைப் படம் பிடிக்கிறோம்."

"நீங்க படம் காட்டித்தானே பாத்திருக்கேன். படம் வேற பிடிப்பீங்களா?"

"கிண்டல் பண்ணாதே. லென்ஸ்ங்கிறது எனக்கு ரத்தத்துல ஊறினது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா, அப்பா?" என்றாள் மகள்.

கண்ணாடிக்காரர் காதில் வாங்கவில்லை. அவர் மனசில் ஓடியது பறவையும் இல்லை, படமும் இல்லை. மச்சான்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

மனைவியின் அண்ணன் ஞாயிறு தவறாமல் காலையில் வந்து சோபாவில் உட்காருவார். உட்கார்ந்தால் சோபாவுக்கும் அவருக்கும் இடையில் காற்றுப் புகாது. எப்போதோ அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்ததாம். அந்தக் கல் எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று ஆரம்பித்தால் இருட்டும் வரைக்கும் போகும். கேட்டால் கல்லும் கரையும். அவருடைய கல் மட்டும் கரையவே கரையாது. பெண்டாட்டியின் அண்ணனை எழுந்து போ என்று சொல்ல எந்தப் புருஷனுக்குத் தைரியம் உண்டு? பல்லைக் கடித்துக்கொண்டு "அப்புறம்?" "அடடா!" என்று மாறி மாறிச் சொல்லிச் சொல்லியே கண்ணாடிக்காரருக்குத் தாடை வலி வந்துவிட்டது.

திட்டம் இதுதான். முதல் வாரம் மூன்று பேரும் போவது. கொசுக் கடியிலும் வெயிலிலும் மனைவியும் மகளும் ஒரே நாளில் கும்பிடு போட்டுவிடுவார்கள். அப்புறம் ஞாயிறு முழுக்க இவருக்கே. ஏரிக்கரை, மரநிழல், ஃபிளாஸ்க் நிறைய டீ. சும்மா உட்கார்ந்திருக்கிறவனை உலகம் சோம்பேறி என்று சொல்லும். கழுத்தில் கேமராவோடு சும்மா உட்கார்ந்திருந்தால் கலைஞன் என்று ஒதுங்கிப் போகும்.

சனிக்கிழமை மூவரும் கேமராக் கடைக்குப் போனார்கள்.

மனைவி கைப்பையில் அடங்குகிற ஒரு சின்ன கேமராவை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் நேராக அலமாரியின் உச்சியைக் கை காட்டினார். அங்கே இருந்ததை இறக்கக் கடைக்காரர் ஸ்டூல் போட வேண்டியிருந்தது.

மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இதை இடுப்புலதான் வச்சுக்கணும் போலிருக்கே. நடுவுல அழுமா?"

"பறவை தூரத்துல இருக்கும். லென்ஸ் நீளமா இருந்தாத்தான் கிட்டத்துல தெரியும். ஷட்டர் வேகமும் இதுலதான் ஜாஸ்தி."

"ஷட்டர் வேகமா? சாயங்காலம் கடை ஷட்டரை இழுத்துட்டு ஓடி வருவீங்களே, அந்த வேகமா?"

கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "அம்மா, நான் வியாபாரி, பெரிசை விக்கத்தான் ஆசைப்படுவேன். ஆனா ஒண்ணு சொல்றேன். வீட்டை விட்டு வெளியே வர்ற கேமராதான் நல்ல கேமரா. எதை வாங்கினாலும் தூக்க முடியுமான்னு பாத்துக்குங்க."

மனைவி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் மேலும் கீழும் நடந்தாள். கண்ணில் வைத்து எதிர்த் தெருவில் மாடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "இதுல எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"இதோ, ஆட்டோ. இதைத் திருப்பிட்டா ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் அதுவே பாத்துக்கும்."

"அதெல்லாம் விவரம் தெரியாதவங்களுக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

"சரிங்க. உங்களுக்குப் பிடிச்சதையே வாங்குங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரருக்குப் பகீர் என்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி உடனே ஒத்துக்கொண்டதே கிடையாது. ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, "நாங்க இன்னிக்கு வெளியே போறோம்ணே" என்று மனைவி மச்சானுக்கு ஃபோனில் சொன்னபோது கண்ணாடிக்காரரின் காதில் தேன் பாய்ந்தது.

ஏரி அமைதியாக இருந்தது. கரையோரம் கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. கண்ணாடிக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்து, வளையத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், மூச்சை அடக்கினார், மறுபடி திருப்பினார்.

"என்னங்க, கொக்கு தலையில வெண்ணெய் வச்சுட்டிருக்கீங்களா? காலு மாத்தி நின்னுடுச்சு."

"உஷ்! ஃபோகஸ் பண்றேன்."

"அதுக்குள்ள அது ரிட்டயர் ஆயிடும்ப்பா" என்றாள் மகள்.

கொக்கு பறந்தே போனது. கேமரா மகள் கைக்குப் போனது. அங்கிருந்து மனைவி கைக்கு. அவள் எதையோ ஒரு திருகு திருகிவிட்டுத் தண்ணீரில் சாய்ந்திருந்த கிளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கொசு கடித்தது. அசையவில்லை. வெயில் ஏறியது. அசையவில்லை. திடீரென்று நீலமாய் ஒன்று தண்ணீருக்குள் விழுந்து எழுந்தது. கேமரா படபடவென்று அடித்தது.

"மீன்கொத்தி! வாயில மீனோட! ஏங்க, பாத்தீங்களா? பாத்தீங்களா?"

அவள் சிறுபிள்ளை மாதிரி குதித்தாள். கொஞ்ச நேரத்துக்குக் கண்ணாடிக்காரருக்குத் தன் திட்டம், மச்சான், ஃபிளாஸ்க் எல்லாமே மறந்துவிட்டது. பகல் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குகிற முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! அப்புறம்தான் உறைத்தது: இவள் அடுத்த வாரமும் வருவாள்.

சாயங்காலம் படங்களை டிவியில் போட்டுப் பார்த்தார்கள். மச்சானும் வந்து சேர்ந்துகொண்டார். மகள் எடுத்த வாத்துக் கூட்டம் பளிச்சென்று வந்தது. மனைவியின் மீன்கொத்தியைப் பார்த்தால் மீனின் கண்ணில் பயம் தெரிந்தது. அடுத்து கண்ணாடிக்காரர் எடுத்தது.

"இது என்ன மாப்பிள்ளை, தலகாணியா?" என்றார் மச்சான்.

"கொக்கு."

"சரி. இது?"

"அதுவும் கொக்கு. கேமராவுல ஏதோ கோளாறு இருக்கு!"

மனைவி தொண்டையைக் கனைத்தாள். ஆபீஸ் குரல் வந்தது. "உங்க சிரமத்துக்கு வருந்துறோம், சார். நாங்க பரிசோதிச்சுப் பார்த்ததுல மெஷின்ல பழுது எதுவும் இல்லை. உபயோகிக்கிறவங்களுக்குக் கண்ணாடி தேவைப்படலாம்."

"எனக்கா? எனக்குக் கண்ணாடியா? ஊருக்கே கண்ணு பாக்கறவன்டி நான்!"

"கோபப்படாதீங்க, சார். உங்க கருத்து எங்களுக்கு முக்கியம்."

மகள் உள்ளே போய்க் கையளவு அட்டை ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினாள். "இதுல கடைசி வரியைப் படிங்கப்பா."

கடையில் கிட்டத்துப் பார்வையைச் சோதிக்கிற அட்டை! கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. நாளெல்லாம் பிறரைப் படிக்கச் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம் ஆனது அது. அலட்சியமாகக் கையை நீட்டிப் பிடித்து, கணீரென்று சொன்னார்: "காலையில் எழுந்து காற்றாட நடப்பது உடலுக்கு நல்லது."

மச்சான் அட்டையை வாங்கிப் பார்த்தார். சோபா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மகளே எழுதிய அட்டை அது. கடைசி வரியில், 'அப்பா இதைப் படிக்காமலே சொல்லுவார்' என்று இருந்தது.

மானம் போன மனிதனுக்கு மிச்சம் இருப்பது ரோஷம்தான். "இனிமே நான் ஏரிக்கரைக்கு வரமாட்டேன்! நான் இல்லாம எப்படிப் போறீங்கன்னு பாக்கறேன்!" என்று வேலைநிறுத்தம் அறிவித்தார். கெஞ்சுவார்கள், அப்போது பெரிய மனசு பண்ணிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

"உங்க முடிவை மதிக்கிறோம், சார்" என்றாள் மனைவி.

யாரும் கெஞ்சவில்லை. வாரம் முழுக்க அம்மாவும் மகளும் வெளிச்சம், நிழல், கிளை, கூடு என்று அவருக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அவருடைய ரோஷம் கரைந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் கடையில் தன் கண்ணைத் தானே பரிசோதித்து, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துத் தனக்கே ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டார். உலகம் இவ்வளவு தெளிவாக இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாகக்கூட இருந்தது. ஞாயிறு காலை குளித்து, கண்ணாடி மாட்டி, ஃபிளாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வர்றேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். "கண்ணாடி நல்லாருக்குங்க. முகத்துக்கு ஒரு களை வந்திருக்கு."

"அப்போ கிளம்பலாமா?"

"ஐயோ, நீங்க வரமாட்டேன்னு சொன்னதால அண்ணனை வரச் சொல்லிட்டேனே! பாதி வழி வந்திருப்பார். ஏரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னா, மூட்டு வலியோட அவரால கரை ஏற முடியுமா? வீடு தேடி வர்றவரைப் பூட்டு பாத்துட்டுத் திரும்பிப் போக விட்டா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

"நல்லா இருக்காது" என்று கண்ணாடிக்காரரே சொன்னார். போதாக்குறைக்கு, "தப்பு என் பேர்லதான்" என்றும் சொன்னார். சொன்ன பிறகுதான், எந்தக் குரலுக்குப் பதில் சொன்னோம் என்று புரிந்தது. ஃபிளாஸ்க் அவர் கையிலிருந்து மகள் கைக்கு மாறியது. கேமரா மனைவியின் தோளில் ஏறியது. இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு தெருமுனையில் திரும்புவதைப் புதுக் கண்ணாடியில் மிகத் தெளிவாகப் பார்த்தார்.

மச்சான் வந்தார். சோபாவில் இறங்கினார். கண்ணாடிக்காரர் எதிரே உட்கார்ந்து, தாடையைத் தயார் செய்துகொண்டு, "அப்புறம்?" என்றார்.

மச்சான் விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க மச்சான்."

"நான் ஒண்ணும் ஆசைப்பட்டு வாராவாரம் இங்க வரலை. தங்கச்சிதான் சனிக்கிழமையானா ஃபோன் பண்ணுவா. 'அண்ணே, அவர் லீவு நாள்ல வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வந்து எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிறார். நீ வந்து உக்காந்து பேச்சுக் கொடுத்து ஒரே இடத்துல பிடிச்சு வை. எனக்கு அன்னிக்கு ஒரு நாள்தான் நிம்மதி'ன்னு. தங்கச்சி சொல்லைத் தட்ட முடியலை. எனக்கும் பேச என்ன இருக்கு? தொண்டைத்தண்ணி வத்த வத்தப் பேசறேன். நீங்களும் விடாம 'அப்புறம், அப்புறம்'ங்கறீங்க."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். மச்சான் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை, எனக்கும் ஒரு கேமரா பாத்துச் சொல்லுங்களேன். ஞாயித்துக்கிழமையானா உங்ககிட்டேருந்து தப்பிக்க வேற வழி தெரியலை."