கயிற்றில் கை வைத்தவர்கள்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் பல்லாயிரம் ஆண்டுகள் திகைத்து நின்றான். அந்தத் திகைப்பு டொபேகோ தீவில், பெத்திரோஷ் என்ற கடற்கரைக் கிராமத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு முடிவுக்கு வந்தது. முடித்து வைத்தவர் கடற்கரை விருந்தினர் நல அலுவலகத்தின் துணை இயக்குநர் திரு. கார்ல்டன் பிகட். முடித்து வைத்த ஆயுதம், ‘பெத்திரோஷ் வந்தால் செய்ய வேண்டிய பத்து’ என்ற பட்டியல்.

பத்தில் ஒன்பது முன்பே தயார். கண்ணாடித் தரை போட்ட படகு இருந்தது. நண்டுக் கறியும் மாவுருண்டையும் இருந்தன. ஈஸ்டருக்கு மட்டுமே நடக்கும் ஆட்டுப் பந்தயத்தை மற்ற மாதங்களில் வருகிறவர்கள் இழந்துவிடக் கூடாது என்பதற்காக, ‘ஆட்டுப் பந்தயம் நடக்கும் இடத்தைப் பார்ப்பது’ இருந்தது. சூரிய அஸ்தமனம் இரண்டு இடங்களைப் பிடித்திருந்தது: ஒன்று நின்றுகொண்டு பார்ப்பது, மற்றது சாய்வு நாற்காலியில் படுத்துப் பார்ப்பது. பத்தாவதுதான் அகப்படவில்லை. “ஒன்பதோட நிறுத்திக்கலாமே சார்” என்று சொன்ன தட்டச்சர், அந்தக் கருத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் தரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்.

பிகட் கவலையோடு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் மீனவன் எதெல்பர்ட் சங்கை ஊதினான்.

எதெல்பர்ட்டுக்குச் சொந்தமாக ஒரு கரைவலை இருந்தது. மீன் கூட்டம் கண்ணில் பட்டால் படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்து சங்கு ஊதுவான். ஊர் ஓடி வந்து கயிற்றைப் பிடிக்கும். கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. எவ்வளவு பலமாக இழுத்தார் என்று யாரும் அளப்பதில்லை. யூலா அக்காவுக்கு இடுப்பு எலும்பு போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் கயிற்றின் கடைசி முனையில் நின்று இரண்டு விரலை வைப்பாள். அவள் வீட்டில் சாப்பிடுகிற ஆறு வாய்களும் அந்த இரண்டு விரலை நம்பித்தான் இருந்தன.

“இதுக்குப் பேரு என்ன?” என்று கேட்டார் பிகட்.

“வலை இழுக்கிறது” என்றான் எதெல்பர்ட்.

“இல்லை. இதுக்குப் பேரு ‘அனுபவம்’.”

பத்தாவது கிடைத்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருந்துகளில் நாற்பத்தெட்டு விருந்தினர்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஓட்டல் கட்டிவிட்ட ஆரஞ்சு நிறப் பட்டை. காலைச் சிற்றுண்டி முடிய வேண்டும் என்பதால், மீன் ஒன்பதரை மணிக்கு வர வேண்டும் என்று சுற்றறிக்கை போயிருந்தது. மீன்களுக்கு அது உரிய காலத்தில் சேரவில்லை போலும், ஏழு மணிக்கே வந்துவிட்டன. வளைத்துப் போட்ட வலையை எதெல்பர்ட் இரண்டரை மணி நேரம் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்தான்.

விருந்தினர்கள் இழுத்தார்கள். ஒரு கையால் இழுத்து, மறு கையால் தங்களையே படம் பிடித்தார்கள். வலை கரைக்கு வந்தது. வழக்கம் வழக்கம்தானே, எதெல்பர்ட் நாற்பத்தெட்டு பேருக்கும் பாரை மீனைப் பங்கு போட்டான். ஊர்க்காரர்களுக்குத் தலைக்கு இரண்டு மீன் தேறியது.

விருந்தினர்கள் கையில் மீனோடு விழித்தார்கள். ஒரு கனவான், இதைத் திரும்பக் கடலில் விடலாமா என்று கேட்டார். அவருடைய மீன் அரை மணி நேரம் முன்பே செத்திருந்தது. ஒரு பெண்மணி தன் மீனுக்குப் பெயர் வைத்தார்.

“தம்பி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?” என்றாள் யூலா அக்கா, தன் இரண்டு மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. “அவங்களுக்கு அடுப்பு இருக்கா, சட்டி இருக்கா?”

“கயிறுல கை வச்சாங்களே அக்கா. எங்கப்பா போட்ட விதி.”

“உங்கப்பா போட்டாரு. அவரு காலத்துல பஸ்ஸு வந்துச்சா?”

“வைக்கிற கையைப் பாத்து, நீ யாரு எவருன்னு கேக்க முடியுமா? நாளைக்கு உன் ரெண்டு விரலையும் எவனாவது கேப்பான்.”

யூலா அக்கா இரண்டு மீனோடு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் வீட்டுச் சாற்றில் மீனைவிட வாழைக்காய்தான் நிறைய இருந்தது.

பேருந்து இருக்கைகளுக்கு அடியில் முப்பத்தொன்பது மீன்கள் பயணம் செய்த விவரம் திங்கட்கிழமை தெரியவந்தது. ஓட்டுநர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மனு கொடுத்தார்கள். பிகட் ‘அவசர மறுஆய்வுக் கூட்டம்’ கூட்டினார். பெத்திரோஷின் வரலாற்றில் இத்தனை பொறுப்போடு ஒரு கூட்டம் நடந்ததில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

“முதல் தீர்மானம்” என்று படித்தார் பிகட். “விருந்தினர்கள் மீன் பெற்றுக்கொள்ளும் கடமையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள்.”

எதெல்பர்ட் மூச்சு விட்டான். பின்வரிசையில் யூலா அக்கா தலையாட்டினாள்.

“இரண்டாவது. விருந்தினர் பாதுகாப்பை முன்னிட்டு, கடற்கரையில் மணிக்கட்டுப் பட்டை உள்ளவர்கள் மட்டுமே கயிற்றைத் தொடலாம்.”

எதெல்பர்ட் மெதுவாக எழுந்தான். “ஐயா, ஒரு சந்தேகம். கயிறைத் தொடுறவங்க மீன் வாங்க மாட்டாங்க.”

“ஆமாம்.”

“மீன் வாங்குறவங்க கயிறைத் தொடக் கூடாது.”

“சரியா புரிஞ்சுக்கிட்டீங்க.”

“அப்ப மீனு யாருக்கு?”

“அதைப் பாதுகாப்பா அப்புறப்படுத்த ஓட்டல் சமையலறை பெரிய மனசு பண்ணி முன்வந்திருக்கு.”

“அப்ப நாங்க என்னதான் செய்யிறது?” என்று பின்னாலிருந்து கேட்டாள் யூலா அக்கா.

பிகட் காகிதத்தைப் புரட்டினார். அதற்கும் ஒரு வரி இருந்தது. “கையசைக்கலாம்.”

எதெல்பர்ட் வீட்டுக்குப் போனான். மூன்று நாள் வீட்டிலிருந்த பழைய கயிறுகளையெல்லாம் எடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டபடி இருந்தான்.

சனிக்கிழமை விருந்தினர்கள் இழுத்தார்கள். பட்டை இல்லாத ஒரு கைகூடக் கடற்கரையில் கயிற்றைத் தொடவில்லை. தீர்மானம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. ஆனால் கயிற்றின் வால் கடற்கரையோடு முடியவில்லை. பாதாம் மரத்தைத் தாண்டி, சாலையைக் கடந்து, மெதடிஸ்ட் கோவில் படியேறி இறங்கி, வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் கை வைத்தார்கள். கடைசி முனை யூலா அக்காவின் சமையலறை ஜன்னல் வழியே உள்ளே போயிற்று. அவள் வலக்கையால் சட்டியைக் கிண்டிக்கொண்டு இடக்கையின் இரண்டு விரலைக் கயிற்றில் வைத்தாள்.

ஓட்டல் சமையல்காரர் நான்கு கூடைகளோடு வந்தார். அவர் ஊழியர்; பட்டை கிடையாது. பட்டை இல்லாதவர்கள் கயிற்றுப் பக்கம் வராமல் பார்க்க நிறுத்தியிருந்த காவலாளி கிளைட் அவரை உள்ளே விடவில்லை. மீன் ஊருக்குப் போயிற்று.

“உங்கப்பனுக்குக்கூட இந்த மூளை கிடையாதுடா” என்றாள் யூலா அக்கா, மீனைச் சுத்தம் செய்துகொண்டே.

“அவருக்குத் தேவைப்படல அக்கா.”

சின்ன மனம் படைத்த அதிகாரியாக இருந்தால் கோபப்பட்டிருப்பார். பிகட் பெருந்தன்மையானவர். கயிறு போன வழியைக் கடைசிவரை நடந்து பார்த்து, கண் கலங்கி, பட்டியலைத் திருத்தினார். இப்போது பத்தாவது: ‘கயிற்றைப் பின்தொடருங்கள்: கடலிலிருந்து ஓர் உண்மையான சமையலறை வரை.’ கூடவே, ‘கயிறு செல்லும் தூரம் முழுவதும் கடற்கரையாகவே கருதப்படும்’ என்று ஓர் ஆணை.

அடுத்த சனிக்கிழமை எதெல்பர்ட் யூலா அக்காவின் பங்கை வாளியில் எடுத்துக்கொண்டு போனபோது, அவள் வாசலில் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே நாலைந்து பேர் சட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கிளைட் நின்றிருந்தான். அதே ஊர்க்காரன், ஏழு வயதிலிருந்து அந்தச் சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவன். சீருடை போட்டிருந்தான். கையில் வருகைப் பதிவேடு.

“யூலா அக்கா” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே. “பட்டை இருக்கா?”

அவள் கயிற்றிலிருந்து விரலை எடுக்கவில்லை. “எனக்கு எதுக்குடா பட்டை? நான் வந்துட்டுப் போற ஆளா? இங்கயே கெடக்கிறவ.”

“கேக்கச் சொல்லியிருக்காங்க அக்கா.”

“கேட்டுட்டல்ல. எழுதிக்க. எழுதிட்டு உக்காரு, ஒரு வாய் சாறு குடி. மூஞ்சி வாடிக் கெடக்கு.”

கிளைட் உட்காரவில்லை. எழுதினான். வாளியைக் கீழே வைத்துவிட்டு எதெல்பர்ட் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் கிளைட்டின் நல்ல கையெழுத்தில், அலுவலகம் சொல்லிக்கொடுத்த நல்ல மொழியில் இருந்தது:

“நோக்கம் எதுவுமில்லை. காரணமின்றி வசிக்கிறார்.”