அக்காவின் இதயத்துக்குள் போகப் பார்த்த என் தலைமுடி

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. இங்கே என் மானம் ஒன்றைத் தவிர அனைவரும் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல்.

அடுத்த வாரம் உன் இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, "என் தம்பி கை பட்டதா இருந்தா மட்டும் கையெழுத்துப் போடுறேன்"னு நீ அடம்பிடிப்பதாக அத்தான் போனில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குழாய்க்குள் இருப்பது முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதன் நுனியில் கறுப்புப் பூச்சு. லேசர் ஒளியை விட்டு விட்டுச் செலுத்தினால் பூச்சு சூடாகி, காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும். அது இதயச் சுவரில் பட்டுத் திரும்புவதை இன்னோர் இழை பிடித்துப் படமாக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷமாக அந்தப் பூச்சைப் பூசுகிறவன் நான்.

நேற்று அந்தப் பெருமையோடு உனக்கான இழைக்குப் பூச உட்கார்ந்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் அதையே தேடி, கிடைக்காமல், குத்துமதிப்பாக இழையை எடுத்து, நுனியில் பூசி, காயவைத்து, லேசரில் மாட்டினேன். கருவியில் ஒலி பதியவில்லை, புகைதான் வந்தது. பக்கத்து மேஜைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், கண்ணாடி எப்பலேருந்து கருக ஆரம்பிச்சுது?" என்றாள். உருப்பெருக்கியில் பார்த்தால் என் தலைமுடி. அத்தான் எத்தனை தடவை சொல்லியும் டை அடிக்காதவன், ஆய்வுக்கூடத்துப் பூச்சில் ஒரே ஒரு முடிக்கு அடித்திருக்கிறேன். மேலாளர் வந்து, "இருக்கிறதே நாலு முடி, அதையும் ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டீங்களா" என்றார். அப்புறம் நிஜ இழையைத் தேடி ஆறு பேர் தரையில் தவழ்ந்தோம். அது என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு எங்களோடு சேர்ந்து தவழ்ந்திருக்கிறது.

ஆனாலும் நீ பயப்படாதே. ஒவ்வோர் இழையையும் தண்ணீரில் விட்டுச் சோதித்த பிறகுதான் வெளியே அனுப்புகிறார்கள். என் முடியெல்லாம் அங்கே தேறாது. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது என் கையை நசுக்கிப் பிடிப்பாயே, அந்தக் கை எனக்கு இன்னும் வேணும் அக்கா. கையெழுத்துப் போட்டுடு.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
மீதி முடியுடன் உன் தம்பி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு இதைப் படி. உனக்குப் போகும் இழைக்குப் பூசியது நான் இல்லை. உனக்கென்று தெரிந்ததிலிருந்து கை நடுங்குகிறது. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கெஞ்சிக் கொடுத்துவிட்டேன். பெட்டியை மூடி டேப் ஒட்டியது மட்டும்தான் நான். வீட்டைப் பூட்டிவிட்டு நீ பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாயே, அதுபோல மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். நீ கேட்டபடி, என் கை பட்டிருக்கிறது.