ஏணிப் பிரிவும் ஏறும் பிரிவும்

ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை வாங்காமல் இருக்க அசாத்தியமான மனவலிமை வேண்டும். எங்கள் தெருவில் அந்த வலிமை ஒருவருக்கும் இல்லை. ஆகவே ஒரு வீடு பாக்கியில்லாமல் தெரு முழுவதும் அந்த மலிவு இணையக் கம்பெனிக்கு மாறியது. அதற்கு முன்னால், விலை கொஞ்சம் கூடிய வேறொரு கம்பெனி இருந்தது. அதன் இணைப்பு எந்த நேரமும் வேலை செய்துகொண்டே இருந்ததால், அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. மறந்துபோன ஒன்றுக்கு எதற்குக் கூடுதலாகக் கொடுப்பது? எல்லோரும் துண்டித்துக்கொண்டோம். அந்தக் கம்பெனியும் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு தெருவை விட்டே போய்விட்டது.

இந்தப் புரட்சியை முன்னின்று நடத்தியவன் என் மைத்துனன். எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். இணைய வேகத்தை அளந்து பார்ப்பது இன்றைய நாகரிகம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் வாயில் பிரஷ்ஷோடு ஒருமுறை அளப்பான். "மாமா, நம்ம வேகம் என்ன தெரியுமா?" என்று மாடிப்படியில் நின்று நுரையோடு கத்துவான். அவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்றால், மறுபடியும் வேகத்தை அளக்கிறான்.

வீட்டின் முன்னறையில் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். "இப்ப தெளிவாத் தெரியுதா, முன்னால தெரிஞ்சதா?" என்று நாள் முழுவதும் கேட்பது என் தொழில். ஆகவே கம்ப்யூட்டர் திரையில் முகங்கள் கலங்கத் தொடங்கியபோது, கோளாறு கண்ணில் இல்லை, கம்பியில்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாசலில் ஒரு கம்பம். அதன் உச்சியில் ஒரு பெட்டி. பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வரும் கம்பி தளர்ந்துபோய் ஆடிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் இணையம் போகும். காற்று நின்றால் வரும்.

வேறு சமயமாக இருந்திருந்தால் காற்றோடு அனுசரித்துப் போயிருப்பேன். ஆனால் என் மனைவிக்கு அப்போதுதான் ஒரு நேர்காணல் வந்திருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியதிலிருந்து விண்ணப்பம் போட்டபடியே இருந்தாள். எங்கிருந்தும் பதில் இல்லை. கடைசியில் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்று கூப்பிட்டது. ஏதோ ஒரு பெரிய நிறுவனமாம், பெயரை இப்போது சொல்ல மாட்டார்களாம். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. ஆகவே நேர்காணலும் வீட்டு இணைப்பிலேயே நடக்க வேண்டும், செல்போனிலோ பக்கத்து ஊரில் போய் உட்கார்ந்தோ பேசக் கூடாது என்று நிபந்தனை.

"ஏங்க, அன்னிக்குக் காத்தடிச்சா என்ன பண்றது?" என்றாள்.

பருவக்காற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் என்னிடம் அப்படிக் கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பெனிக்கு போன் செய்தேன்.

மலிவுக் கம்பெனி என்றால் எரிந்து விழுவார்கள் என்றுதான் நினைப்போம். தவறு. யார் எடுத்தாலும் குரல் தேனாக ஒழுகியது. அந்தக் குரலுக்கு நாங்கள் சர்க்கரைப்பாகு என்று பெயர் வைத்தோம்.

"வணக்கம் சார். உங்கள் சிரமத்தை நான் முழுமையாக உணர்கிறேன்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"சொல்லுங்க சார். அதையும் உணர்றேன்."

"காத்தடிச்சா லைன் போயிடுது. ஆளை அனுப்புங்க."

"அதற்காக மனமார வருந்துகிறோம் சார்."

"வருத்தம் இருக்கட்டும். ஆள் எப்ப வருவார்?"

"வருத்தம் உங்க திட்டத்துலயே சேர்ந்தது சார். ஆளுக்குத் தனியாப் பதிவு பண்ணணும். பண்ணிடறேன்."

"உங்க மேலதிகாரிகிட்ட கொடுங்க."

"கொடுக்கறேன் சார். ஆனா அவரும் வருந்தத்தான் செய்வார். என்னைவிடக் கொஞ்சம் ஆழமா வருந்துவார், அவ்வளவுதான்."

மேலதிகாரி வந்தார். குறை சொல்வதற்கில்லை, ஆழம் நன்றாகவே இருந்தது. பேசி முடித்ததும் சேவைக்கு மதிப்பெண் போடச் சொல்லி போன் கேட்டது. நான் கோபத்தில் எதையும் அழுத்தாமல் வைத்துவிட்டேன்.

மறுநாள் ஏணி வந்தது. கூடவே ஒருவர் வந்தார். ஏணியைக் கம்பத்தில் பாந்தமாகச் சாய்த்தார், ஆட்டிப் பார்த்தார், கட்டினார். பிறகு நிழலில் போய் உட்கார்ந்தார்.

"ஏறலையா?" என்றேன்.

"நான் ஏணிப் பிரிவு சார். ஏறுகிற பிரிவு வேற."

"அவர் எங்கே?"

"அது அவங்க பிரிவுக்குத்தான் தெரியும்."

"சரி, ஏணி இங்கேயே இருக்கட்டும். அவர் வந்து ஏறிக்கட்டும்."

"ஏணியை விட்டுட்டுப் போனா நான் எதுக்கு சார்?" என்றார் நியாயமாக. கம்பத்தில் சாய்ந்திருந்த ஏணியைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். ஏணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் எனக்குச் செய்தி வந்துவிட்டது: 'தங்கள் குறை வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.'

மறுபடி போன், மறுபடி வருத்தம், மறுபடி பதிவு. இந்த முறை ஏறுகிறவர் வந்தார். தலையில் கவசம், இடுப்பில் பட்டை, பட்டையில் கொக்கிகள். மலையே ஏறிவிடுவார் போலிருந்தது. கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏணி எங்கே சார்?" என்றார்.

எதிர்வீட்டுப் பெயின்டரிடம் நீளமான ஏணி இருந்தது. ஓடிப்போய் இரவல் வாங்கி வந்தேன்.

"இதுல ஏறக் கூடாது சார். இன்ஷூரன்ஸ் பிரச்சினை."

"நீங்க விழுந்தா பணம் வராதா?"

"எனக்கு ஏது சார் இன்ஷூரன்ஸ்? கம்பெனி ஏணிக்குத்தான் இருக்கு."

அவரும் படம் எடுத்தார். கம்பத்தருகே தானே நின்று சிரித்தபடி எடுத்துக்கொண்டார். என் குறை இரண்டாவது முறையாக வெற்றிகரமாகத் தீர்ந்தது.

எனக்குத் தலை சுற்றியது. போனைப் போட்டு, "ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பினா என்ன குடி முழுகிப் போகுது?" என்று கேட்டேன்.

"முன்னால ஒண்ணாத்தான் சார் அனுப்பினோம். ஒரு குறைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வர முடிஞ்சுது. வாடிக்கையாளரை இன்னும் அதிகமாச் சந்திக்கணும்னு நிர்வாகம் நினைச்சுது. இப்ப ஒரு குறைக்கு ரெண்டு தடவை வர்றோம். சேவை ரெண்டு மடங்கு ஆயிருக்கு சார்."

"குறை தீரலையேம்மா!"

"அதனாலதான் சார் இன்னும் பல தடவை வர வாய்ப்பிருக்கு."

நான் கெஞ்சினேன். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், அழாக்குறையாகக் கெஞ்சினேன். மனைவியின் நேர்காணலைச் சொன்னேன், அவள் காத்திருந்த காலத்தைச் சொன்னேன். சர்க்கரைப்பாகு இளகியது. 'இணைந்த வருகை' என்று ஒரு விசேஷ ஏற்பாடு இருப்பதாகவும், அதற்கு ஒருங்கிணைப்புப் பிரிவின் அனுமதி வேண்டும் என்றும், எனக்காக வாங்கித் தருவதாகவும் வாக்களித்தது. நேர்காணலுக்கு முந்தின நாள் இரண்டு பேரும் ஒன்றாக வருவார்கள்.

முந்தின நாள் வந்தது. அவர்கள் வரவில்லை.

நேர்காணல் நாள் விடிந்தது. ஒரு இலை அசையவில்லை. அப்படியொரு புழுக்கத்தை நான் அதற்கு முன் வரவேற்றதே கிடையாது. இணைய விளக்கு பச்சைப்பசேல் என்று எரிந்தது. மைத்துனன்கூட அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, பிச்சுக்கிட்டுப் போகுது!" என்றான். "நீ அளக்காம இருந்தா இன்னும் நல்லாப் போகும்," என்று அவள் அவனை மாடிக்கு விரட்டினாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடி நான் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். அவள் கைகூப்பி, முகம் மலரச் சிரித்தாள். நான் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

வாசலில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணிமேல் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இறங்குங்க! இறங்குங்க!" என்று அலறினேன். "லைன் நல்லா இருக்கு. ஒண்ணும் பண்ண வேண்டாம்!"

"குறை பதிவாயிருக்கே சார்," என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்தவர். "இணைந்த வருகை வேற. பெரிய இடத்து உத்தரவு. சும்மா திரும்ப முடியாது."

"நல்லா இருக்கறதை என்னய்யா சரி பண்ணுவீங்க?"

"அது கஷ்டம்தான் சார்," என்று மேலேயிருந்து பதில் வந்தது. "அதனாலதான் முதல்ல கழட்டறேன்."

கழற்றிவிட்டார்.

உள்ளே ஓடினேன். திரை கறுத்துக் கிடந்தது. கைகூப்பியபடியே அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே அவர்கள் நிதானமாக வேலை பார்த்தார்கள். இரண்டு பிரிவும் சேர்ந்து வேலை செய்வது வெகுகாலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாம், ஆகவே பேச நிறைய இருந்தது. கம்பியை மாட்டி விளக்கு மறுபடி பச்சையானபோது நேர்காணல் நேரம் முடிந்திருந்தது. இரண்டு பேரும் ஏணியின் இரு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். புடவையை மாற்றிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். நான் கடையில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடிகளையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளுக்கு போன் வந்தது. நேர்காணல் செய்த அம்மாள்தான். கையில் மாவோடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம். ஒருமனதா!"

அவள் மாவுக் கையாலேயே போனைக் கிட்டே இழுத்தாள்.

"நாங்க வேணும்னேதான் அப்படிக் கடுமையாப் பேசினோம். இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னோம். பூகோளம் படிச்சவங்களுக்கு இங்கே என்ன வேலைன்னோம். எங்க ஆள் ஒருத்தர் மேஜையைக்கூடத் தட்டினார். நீங்க சிரிச்ச முகம் மாறலை. குறுக்கே ஒரு வார்த்தை பேசலை. கண்ணைக்கூடச் சிமிட்டலை. கூப்பின கையை இறக்கவே இல்லை. இப்படி ஒரு பொறுமையை நாங்க பார்த்ததே இல்லை."

நான் வேகமாகத் தலையை ஆட்டி, வாயைத் திறக்காதே என்று ஜாடை காட்டினேன். ஆனால் அவள் ஆசிரியை. மனசு கேட்கவில்லை.

"மேடம், நான் உண்மையைச் சொல்லிடறேன். ஆரம்பத்துலயே என் லைன் கட்டாயிடுச்சு. படம் அப்படியே நின்னிருக்கு. நீங்க சொன்ன ஒரு வார்த்தைகூட என் காதுல விழலை."

போச்சு என்று நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"அதான்மா எங்களுக்கு வேணும்," என்றாள் அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய். "ஒரு வார்த்தை காதுல விழாம, சிரிச்ச முகமா உட்கார்ந்திருக்கணும். எங்க ஆட்களுக்கு இதைத்தான் நீங்க சொல்லித் தரணும்." பிறகுதான் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். எங்கள் மலிவு இணையக் கம்பெனியேதான். வாடிக்கையாளர் சேவையில் பயிற்சித் தலைவி.

அடுத்த நாளே அவளுக்கென்று தனி லைன் போடக் கம்பெனி ஆட்களை அனுப்பியது. ஒரே வண்டியில், ஏணியும் ஆளுமாக. அவர்கள் சுவரில் மாட்டிய பெட்டியைப் பார்த்தேன். எங்கள் தெருவை விட்டுப் போன பழைய கம்பெனியின் பெட்டி.

"உங்க கம்பெனி லைன் போடலையா?" என்றேன்.

"வருத்தம் தெரிவிக்கிற வேலைல தடங்கல் வரக் கூடாது சார்," என்றார் வந்தவர். "ஊழியர்களுக்கெல்லாம் இதுதான். வேலைக்கு மட்டும். வீட்டில வேற யாரும் தொடக் கூடாது."

செய்தி தெருவில் காட்டுத்தீயாகப் பரவியது. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் நல்ல லைன் வீட்டுக்குள் வருகிறது. தொடக் கூடாதுதான், ஆனால் இருக்கிறதல்லவா? முதலில் என் மைத்துனன் சேர்ந்தான். பிறகு எதிர்வீட்டுப் பெயின்டரின் மகள். பிறகு வீட்டுக்கு ஒருவராகத் தெருவே சேர்ந்தது. எல்லோருக்கும் என் மனைவிதான் சொல்லிக் கொடுத்தாள். பழைய பள்ளிக்கூடத்தில்கூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, அதை நான் மறைக்க முடியாது.

போன வாரம் காற்றடித்தது. கடை லைன் போய்விட்டது. போன் செய்தேன். அன்று ஆள் குறைவு என்று பயிற்சித் தலைவியே எடுத்தாள். உள்ளறையிலிருந்தும் போனிலிருந்தும் ஒரே குரல் வந்தது.

"வணக்கம் சார். உங்கள் சிரமத்தை நான் முழுமையாக உணர்கிறேன்."

"நான்தாம்மா. கதவைத் திறந்தா தெரியும்."

"பேச்சு பதிவாகுது சார். ஏணிப் பிரிவை அனுப்பவா, ஏறும் பிரிவை அனுப்பவா? உங்களுக்காக இணைந்த வருகைகூட..."

"வேண்டவே வேண்டாம்! காத்து நிக்கட்டும்."

"உங்கள் பொறுமைக்கு நன்றி சார்."

பேசி முடித்ததும் மதிப்பெண் போடச் சொல்லி போன் கேட்டது. அவளுக்குப் பதவி உயர்வு வரும் நேரம். முழு மதிப்பெண் போட்டேன். பெயின்டரும் மகளுக்கு அதைத்தான் போடுகிறார். தெருவில் எல்லோரும் அவரவர் வீட்டுப் பிள்ளைக்கு, மருமகளுக்கு, மாப்பிள்ளைக்கு அள்ளிப் போடுகிறோம்.

இந்த வருடத்தின் தலைசிறந்த வாடிக்கையாளர் சேவைக்கான விருது கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது. விழாவை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்களாம். விருதைத் தேடித் தந்த எங்கள் தெருவுக்கு மேடையில் தனியாக நன்றி சொன்னார்களாம். அன்று நல்ல காற்று. எங்கள் தெருவில் ஒருவராலும் பார்க்க முடியவில்லை.