பன்னிரண்டு பூச்சு

இந்த வருஷமும் சுரண்டுவதில்லை என்று எல்டன் நிக்கிள் முடிவெடுத்தபோது ஏப்ரல் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. புது முடிவு ஒன்றுமில்லை. பதினோரு வருஷமாக எடுத்து, ஒரு தடவைகூட மீறாத முடிவு. மனுஷர் வேறு எந்த விரதத்தையும் இவ்வளவு ஒழுங்காகக் காத்ததில்லை.

கனடாவில் லுனென்பர்க் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலம் முடிந்ததும் ஒரு தலைவலி உண்டு. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் கரையேற்றி வைத்த படகின் அடியில் போன வருஷம் பூசிய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, புதுசு பூசி, மே மாதம் தண்ணீரில் இறக்க வேண்டும். படகுக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கித் தேய்க்கிற வேலை. படகை வாங்கிய முதல் வருஷம் எல்டன் அதை அரை மணி நேரம் செய்து பார்த்தார். தோள் கழன்று தனியே போய்விடும் போலிருந்தது. சற்றுக் களைப்பாறலாம் என்று மேலே ஏறிப் படகின் அறைக்குள் படுத்தவர், கண் விழித்தபோது மணி நாலரை.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் போடுகிற சத்தத்தைக் கேட்டே பாதி ஆயுசு போய்விட்டது. சனிக்கிழமை வீட்டிலிருந்தாலோ ஜன்னல் துடை, திரைச்சீலை கழற்று என்று மனைவி வெர்னா ஒரு பட்டியல் வைத்திருப்பாள். உலகத்தில் அவருக்கென்று இருந்த நிம்மதி, வருஷத்துக்கு ஆறு சனிக்கிழமை, அந்தப் படகின் பலகைக் கட்டில், ஒரு ரேடியோ, ஒரு பிளாஸ்க் டீ. அவ்வளவுதான்.

அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வருஷத்து அரை மணியில் உதிர்ந்த நீலத் தூளை ஒரு காப்பி டப்பாவில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். தூங்கி எழுந்ததும் விபூதி மாதிரி அதில் கொஞ்சம் எடுத்து நெற்றி, கை, சட்டை என்று பூசிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். "கிட்ட வராத வெர்னா, இந்தப் பெயிண்ட் விஷம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். அது படகுத்துறைப் பக்கம் அவளை வரவிடாமல் தடுத்தது. ஆனால் விஷம் என்றதும் அவளும் சும்மா இருக்கவில்லை. கொல்லையில் நிற்க வைத்து, ஹோஸ் பைப்பால் தலையிலிருந்து கால் வரைக்கும் அடித்துக் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் விடுவாள். ஏப்ரல் தண்ணீர். பல் கிடுகிடுக்கும். ஒரு நாள் தூக்கத்துக்கு அது நியாயமான விலைதான் என்று எல்டன் பொறுத்துக்கொண்டார்.

சுரண்டாமலே வருஷா வருஷம் மேலே மேலே பூசினால் என்ன ஆகும்? இந்த வருஷம் அது ஆயிற்று.

"எல்டன், உன் படகு தோல் உரியுது" என்றார் படகுத்துறைக்காரர் பெர்லி. அவர் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெயிண்ட் சில்லு இருந்தது. "படகோட ஃபைபர் தெரியிற வரைக்கும் எடுத்துடு. இப்படியே நான் தண்ணில எறக்க மாட்டேன்."

"எடுத்துட்டாப் போச்சு" என்றார் எல்டன். பெர்லி சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து இன்னொரு பூச்சு பூசிவிட்டால் உரிந்த இடம் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதற்கு முன்னால் ஒரு குட்டித் தூக்கம். ஆனால் பெர்லி நல்ல மனுஷர். அந்தச் சில்லை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெர்னாவிடம் கொடுத்து, "பாவம், உங்க வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் வேலை ஜாஸ்தி" என்று அனுதாபமும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை எல்டன் கண்ணயர்ந்த நேரம் படகை யாரோ தட்டினார்கள்.

"எல்டன்."

அந்தக் குரலை அவர் எந்தத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வார். "கிட்ட வராத வெர்னா, விஷம்."

"விஷம் அடியிலதானே இருக்கு? நீ மேல என்ன பண்றே?"

"மூச்சு வாங்க வந்தேன்."

"ரேடியோவுக்கும் மூச்சு வாங்குதா? எறங்கி வா."

ஏணியில் இறங்கினார். வெர்னா அந்தச் சில்லைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் கோடு கோடாக வண்ணங்கள்.

"கறுப்பு, போன வருஷம். பச்சை, நம்ம பொண்ணு கெயில் கல்யாணத்துக்கு முந்தி. இந்த வெள்ளை, உன் தங்கச்சி வந்து மூணு வாரம் டேரா போட்டாளே, அந்த வருஷம். எல்லாம் நான் வாங்கிக் குடுத்த கலர். சுரண்டினா பெயிண்ட் போயிடும்தானே?"

"போயிடும்."

"போன பெயிண்ட் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"சில பெயிண்ட் உள்ள ஊறிடும்" என்றார் எல்டன்.

"பன்னண்டும் ஊறிடுச்சா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை, நாற்பது பிள்ளைகளைக் கேட்ட காது தாங்கியிருக்கும். வெர்னா கைப்பையிலிருந்து ஒரு முகமூடியையும் புத்தம்புதுச் சுரண்டியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டு ஜன்னல் அத்தனையும் நான் ஒத்தையாத் துடைக்கிறேன் எல்டன். எனக்கும் அலுத்துப் போச்சு. கொஞ்சம் கால் நீட்டிக்கறேன்."

ஏணியில் ஏறிப் போய்விட்டாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ரேடியோ நிலையத்தையும் மாற்றிவிட்டாள்.

எல்டன் தார்ப்பாயை விரித்து மல்லாந்தார். கறுப்புக்கடியில் பச்சை, பச்சைக்கடியில் சாம்பல், அதற்கடியில் வெள்ளை என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வருஷத்துத் தூக்கம். ஒரு கையகலம் ஃபைபர் தெரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. மீதிப் படகைப் பார்க்கவே அவருக்கு அழுகை வந்தது.

மேலே குதிகாலால் மூன்று தட்டு. "எல்டன், மெதுவா. தூக்கம் கலையுது."

"மெதுவாச் சுரண்டினா வராது வெர்னா."

"அப்ப அந்தப் பக்கம் போய்ச் சுரண்டு."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் மேல் இல்லாத நிறமில்லை. தோளைத் தூக்க முடியவில்லை. வெர்னா நேரே கொல்லைக்குப் போய் ஹோஸ் பைப்பை எடுத்து வந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்" என்றார் எல்டன். "நெஜமாவே முடியல."

"இன்னிக்குத்தான் நெஜமாவே விஷம். சட்டையைக் கழட்டு."

கழற்றினார். பழகிப்போன இடத்தில் போய் நின்றுகொண்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வருஷமே. படகு செவப்பு, நீ மட்டும் நீலமா வந்து நின்னே."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷமும் என் மேல பச்சைத்தண்ணி அடிச்சே?"

வெர்னா குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடி, அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள்.

"வருஷத்துக்கு ஆறு சனிக்கிழமை எனக்கும் ஏதாவது வேணாமா எல்டன்? திரும்பு."