குள்ள நட்சத்திரமும் என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும்

இனி ஞாயிறுதோறும் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை தூங்குவேன். உலகமே புரண்டாலும் எழுந்திருக்க மாட்டேன். இப்படி ஒரு சபதம் செய்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்ய நான் என்ன கல்யாணம் ஆகாதவனா?

வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இது தெளிவா இருக்கா?" என்று ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். ஏழாவது நாள் என் கண்ணை மூட எனக்கு அனுமதி கிடையாது. என் மனைவி தையற்கடை வைத்திருக்கிறாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. அதனால் எனக்கு விடுமுறை இல்லை. மின்விசிறி துடைக்க வேண்டும். திரைச்சீலை கழற்ற வேண்டும். அலமாரியை நகர்த்த வேண்டும். பழைய இடத்திலேயே நன்றாக இருந்தது என்பாள். திரும்ப நகர்த்த வேண்டும்.

வழி காட்டியவர் மாடி வீட்டு அறிவியல் வாத்தியார். ஒருநாள் மாடிப்படியில் என்னை மடக்கினார்.

"தூரத்துல ஒரு குள்ள நட்சத்திரம் இருக்கு சார். அதோட வெளிச்சத்தை அளந்து கோடு கோடா வரைஞ்சு வெச்சிருக்காங்க. ஏதாவது கோள் குறுக்க போனா வெளிச்சம் மங்கும், கோடு கொஞ்சம் இறங்கும். பொதுமக்களே வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லலாம்."

"சொன்னா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. விஞ்ஞானத்துக்குத் தொண்டு. ஆனா தனியா உக்காந்து கவனமாப் பாக்கணும். அமைதி வேணும்."

அமைதி! காதில் தேன் பாய்ந்தது.

"கோள் ரொம்பப் பெருசா இருந்துச்சுன்னா, அது இழுக்கிற இழுப்புல நட்சத்திரமே தள்ளாடும் சார்."

"அதைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? எங்க வீட்டுக்கு வாங்க."

அன்று மாலையே மனைவியிடம் பேச்சை எடுத்தேன்.

"ஆராய்ச்சியா? நீங்களா?" என்றாள், வாயில் குண்டூசியோடு. "சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு நாள் பூரா சுத்துற ஆளு, நட்சத்திரத்தைப் பாக்கப் போறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம். சின்ன ரூம் போதும். கதவை மூடிக்குவேன். லைட்டை அணைச்சிடுவேன், இருட்டுலதான் கோடு தெளிவாத் தெரியும். யாரும் தட்டக் கூடாது."

"சரி."

இவ்வளவு சுலபமாகச் 'சரி' வந்தபோதே நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு எந்தப் பாஸ்வேர்டும் நினைவில் நிற்காது என்பதால், கணக்கைக்கூடத் தன் பெயரில் அவளே திறந்து கொடுத்தாள்.

சின்ன அறைக்கு ஜன்னல் கிடையாது. வாரம் நாற்பது கோடுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு பொத்தான்கள்: 'இறக்கம் உண்டு', 'ஒன்றுமில்லை'. குறிப்பு எழுத ஒரு காலிக் கட்டமும் உண்டு. நாற்பதுக்கும் 'ஒன்றுமில்லை' என்று அழுத்தினேன். எட்டு நிமிடம். பிறகு துணி மூட்டையில் தலையை வைத்தேன். ஆகா! இப்படியே மூன்று மாதம் விஞ்ஞானத்துக்குத் தொண்டாற்றினேன்.

திடீரென்று ஒரு மெயில் வந்தது. மனைவிதான் வாசித்தாள். எங்கள் கணக்கிலிருந்து போன குறிப்புகளால் அந்தக் குள்ள நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு ராட்சதக் கோள் அகப்பட்டிருக்கிறதாம். அத்தனை சின்ன நட்சத்திரத்துக்கு அத்தனை பெரிய கோளா என்று எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைக்கிறார்களாம். ஞாயிறு பத்து மணிக்கு விஞ்ஞானி ஒருவர் வீடியோவில் பேசுவாராம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்கத்தில் முழங்கை பட்டுப் பொத்தான் அழுந்தியிருக்க வேண்டும். பட்டால் என்ன? முழங்கை யாருடையது? மாடிக்கு ஓடி வாத்தியாரிடம் கைகுலுக்கல் வாங்கிக்கொண்டேன். சட்டையை இஸ்திரி போட்டு, நேராகவே அணிந்து, வாத்தியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் அமர்ந்தேன்.

விஞ்ஞானி அம்மா திரையில் வந்தார். "முதல்ல எந்தக் கோட்டுல சந்தேகம் வந்துச்சு?"

"எல்லாத்துலயும் ஒரு பொதுவான சந்தேகம் இருந்துச்சு மேடம்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை இறங்குதுன்னு அழகா எழுதியிருந்தீங்களே?"

"அது… அப்பப்போ இறங்கும் மேடம்."

வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாலரை நாளைக்கு ஒரு தடவை மேடம். பதினேழாவது கோட்டுலதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. ஓரம் மடிச்சு அடிக்கும்போது ஒரு இடம் மட்டும் தொங்கினாத் தெரியுமே, அந்த மாதிரி."

"ஓ! நீங்கதானா அது?"

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் இருவரும் பேசினார்கள். நான் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். வாத்தியார் அவளிடம் கைகுலுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே மாடியேறினார்.

"நீ எப்போ இதையெல்லாம் பாத்தே?" என்றேன்.

"கடையில ஆள் வராத நேரத்துல, போன்லதான். நீங்க 'ஒன்றுமில்லை'ன்னு போட்டதையெல்லாம் மறுபடி பாத்தேன்."

"ஏன்? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"முதல் வாரமே தெரியும்ங்க. கதவுக்கு அடியில கம்ப்யூட்டர் வெளிச்சம் பத்து நிமிஷம் தெரிஞ்சுச்சு. அப்புறம் அணைஞ்சுபோச்சு. யாரும் தொடலைன்னா அதுவா அணைஞ்சிடும்ல? பதினோரு மணிக்குத்தான் திரும்ப வந்துச்சு. அடுத்த வாரமும் அதே கணக்கு. வெளிச்சம் இல்லைன்னா, உள்ள ஏதோ பெருசா ஒண்ணு குறுக்கப் படுத்திருக்குன்னு அர்த்தம்."

"தெரிஞ்சும் ஏன் எழுப்பல?"

"ரெண்டு மணி நேரம் வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா!"

இப்போது அவளுக்கு இன்னும் நூறு நட்சத்திரங்கள் கொடுத்திருக்கிறார்கள். சின்ன அறையும் ஞாயிற்றுக்கிழமையும் அவளுடையவை. நான் ஸ்டூல் மேல் நின்று மின்விசிறி துடைக்கிறேன். எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். அவளும் மனுஷிதானே? இருட்டறை, துணி மூட்டை. எத்தனை வாரம் தாங்குவாள்?

இரண்டாவது வாரமே பலித்தது. அறைக்குள்ளிருந்து குறட்டை! அதுவும் எப்பேர்ப்பட்ட குறட்டை! துணியை வீசினேன். ஸ்டூலிலிருந்து குதித்தேன். கதவைத் தள்ளித் திறந்தேன்.

"அகப்பட்டியா!"

அவள் மூக்குக்கண்ணாடியும் பென்சிலுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குறட்டை மேசைமேல் இருந்த போனிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"யாரோட குறட்டை இது? இவ்வளவு கேவலமா?"

"உங்களோடதுதான். போன மாசம் பதிவு பண்ணினேன்," என்று சொல்லிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள். "துடைக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடி வர பதினோரு செகண்ட். அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வாங்க. ஒரு தடவை நடந்ததை விஞ்ஞானத்துல ஒத்துக்க மாட்டாங்க."